ஒன்றரை ஷிப்டும் ஐந்து இயமங்களும்

கறுப்பு டீ-சர்ட் ஒன்றுக்குச் சாயம் ஏற்ற ஏறக்குறைய 100 கிராம் உப்பு செலவாகிறது. ஒரு கிலோ பின்னல் துணிக்கு 8 லிட்டர் தண்ணீர், அடர் நிறமென்றால் லிட்டருக்கு 70 கிராம் உப்பு என்று வைத்துக்கொண்டால் கிலோவுக்கு 560 கிராம் ஆகும். சட்டையின் எடை 180 கிராம் என்றால் அதன் பங்கு 100 கிராம். இந்த உப்பு உடுத்துகிறவர் உடம்புக்கு வருவதே இல்லை. ரியாக்டிவ் சாயத்தைப் பருத்தி இழைக்குள் ஏற்றிவிட்டுத் தண்ணீரோடு வெளியேறிவிடும். சாயத்திலும் ஒரு பகுதி இழையைப் பிடிக்காமல் அலசலில் கழிந்துபோகும். திருப்பூரில் சாயப்பட்டறை வைத்திருக்கும் எவருக்கும் இந்தக் கணக்கு மனப்பாடம். கழிந்துபோகும் தண்ணீர் யார் கணக்கில் சேரும் என்பதில்தான் இத்தனை ஆண்டுகளாக வழக்கு.

வீரபாண்டி என்றதும் தேனிப் பக்கத்தார் கௌமாரியம்மன் சித்திரைத் திருவிழாவை நினைப்பார்கள். நான் சொல்வது திருப்பூர் வீரபாண்டி. பல்லடம் சாலையை ஒட்டி அருள்புரம், முருகம்பாளையம், சின்னக்கரை என்று பனியன் கம்பெனிகளும் சாயப்பட்டறைகளும் நெருங்கிக் கிடக்கும் தெற்குப் பகுதி. 2011-இல் மாநகராட்சியோடு சேரும்வரை தனி ஊராட்சியாக இருந்தது. சாயக்கழிவு நீருக்கான பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் ஒன்று இந்த ஊர்ப் பெயரிலேயே இருக்கிறது. நிட்டிங், சாயம், காம்பாக்டிங், பிரிண்டிங், கட்டிங், தையல், செக்கிங், அயனிங், பேக்கிங் என்று ஒரு சட்டையின் முழு ஆயுளையும் சில கிலோமீட்டர் சுற்றளவுக்குள் இங்கே பார்த்துவிடலாம்.

யோகமும் இந்தப் பகுதிக்குப் புதிதல்ல. கொங்கு நாட்டில் மனவளக்கலை மன்றம் இல்லாத ஊர்கள் குறைவு. விடியற்காலையில் எளியமுறை உடற்பயிற்சியும் தவமும் முடித்துவிட்டுக் கம்பெனிக்குப் போகும் முதலாளிகளும் மேலாளர்களும் தையல்காரர்களும் இங்கே இருக்கிறார்கள். ஐ.நா. பொதுச்சபை 2014 டிசம்பரில் தீர்மானம் போட்ட பிறகு ஜூன் 21 யோகா தினமாகி, பள்ளி மைதானங்களிலும் கம்பெனி வளாகங்களிலும் விரிப்புகள் விரிகின்றன. ஆனால் எட்டு உறுப்புகள் கொண்ட யோகத்தில் ஆசனம் மூன்றாவது. அதற்கு முன்னால் இயமமும் நியமமும் இருக்கின்றன. பதஞ்சலி அந்த வரிசையில் வைத்ததற்குக் காரணம் உண்டு என்றே நான் நம்புகிறேன். கொல்லாமை, உண்மை, களவின்மை, பிரமசரியம், தேவைக்குமேல் சேர்க்காமை ஆகிய ஐந்து இயமங்களும் பிறரோடு நாம் நடந்துகொள்ளும் விதத்தைப் பற்றியவை. தூய்மை, மனநிறைவு, தவம், தன்னைப் படித்தல், இறையிடம் ஒப்படைத்தல் ஆகிய ஐந்து நியமங்கள் அதற்குப் பிறகே வருகின்றன. ஊரோடு உள்ள கணக்கைச் சரிசெய்துவிட்டு உள்ளே வா என்கிற ஏற்பாடு இது.

இந்த ஐந்தையும் தனிமனித நல்லொழுக்கமாக மட்டும் சொல்லிக்கொடுப்பது இன்று வழக்கமாகிவிட்டது. எறும்பை மிதிக்காதே, பொய் சொல்லாதே, பிறர் பொருளை எடுக்காதே. நல்லதுதான். ஆனால் பதஞ்சலியின் யோக சூத்திரத்தில், இரண்டாம் பாதத்தில் இயமங்களின் பட்டியலுக்குப் பின்னால் இரண்டு இடங்கள் வருகின்றன. வகுப்புகளில் அவை வேகமாகக் கடந்துபோகப்படுகின்றன. திருப்பூரைப் புரிந்துகொள்ள எனக்கு அவை இரண்டும்தான் உதவின.

முதலாவது 31-ஆம் சூத்திரம். பிறப்பு, இடம், காலம், சூழ்நிலை என்ற நான்கு வரம்புகளாலும் குறுக்கப்படாதபோதே இயமம் பெருவிரதம் ஆகிறது என்கிறது அது. வியாசரின் உரை இதற்குத் தரும் எடுத்துக்காட்டுகள் மிகவும் நடைமுறையானவை. மீனவன் மீனைத் தவிர வேறெதையும் கொல்வதில்லை. ஒருவன் தீர்த்தத்தலத்தில் மட்டும் கொல்வதில்லை. இன்னொருவன் சதுர்த்தசியன்று மட்டும் கொல்வதில்லை. வேறொருவன் தேவருக்காகவும் அந்தணருக்காகவும் என்றால் மட்டும் கொல்வான். ஒவ்வொருவனுக்கும் ஒரு விரதம் இருக்கிறது, கூடவே ஒரு விலக்கும் இருக்கிறது. விலக்கு இருக்கும்வரை அது பெருவிரதம் ஆகாது.

இரண்டாவது 34-ஆம் சூத்திரம். வன்முறை முதலான தீமைகளைத் தானே செய்தது, பிறரைக்கொண்டு செய்வித்தது, செய்யும்போது உடன்பட்டது என்று மூன்றாகப் பிரிக்கிறது. ஒவ்வொன்றும் பேராசையாலோ சினத்தாலோ மயக்கத்தாலோ நேரலாம். ஒவ்வொன்றும் மெலிதாகவோ நடுத்தரமாகவோ கடுமையாகவோ இருக்கலாம். உரைகாரர் இதைப் பெருக்கி 27 வகை என்றும், மேலும் பகுத்து 81 வகை என்றும் கணக்கிடுகிறார். மூன்று தூண்டுதல்களுக்கும் விளக்கம் தருகிறார். இறைச்சிக்கும் தோலுக்கும் ஆசைப்பட்டுக் கொல்வது பேராசை. இவன் எனக்குத் தீங்கு செய்தான் என்று கொல்வது சினம். இதனால் எனக்குப் புண்ணியம் வரும் என்று நம்பிக் கொல்வது மயக்கம்.

செய்தது, செய்வித்தது, உடன்பட்டது என்ற இந்த முப்பகுப்பு சமண அறத்திலும் உண்டு. ஐந்து இயமங்களும் சமணரின் ஐந்து பெருவிரதங்களும் ஏறத்தாழ ஒன்றே. திருப்பூரிலிருந்து ஈரோடு போகும் வழியில் விஜயமங்கலத்தில் பழைய சமணக் கோயில் இன்றும் நிற்கிறது. இந்த அறம் கொங்கு மண்ணுக்கு வெளியிலிருந்து நேற்று வந்ததல்ல. திருமூலரும் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் இயமத்தைச் சொல்கிறார். கொல்லாமை, பொய்யாமை, களவின்மை ஆகியவற்றோடு நடுவுநிலை தவறாமையையும் பகுத்துண்ணுவதையும் அவர் சேர்க்கிறார். பதஞ்சலியின் பட்டியலில் இந்த இரண்டும் தனியே இல்லை. நூற்றுக்கணக்கானோர் ஒரே கூரையின்கீழ் வேலை செய்யும் இடத்துக்குத் திருமூலரின் பட்டியலே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

இனி ஆற்றுக்கு வருவோம். வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவையையும் திருப்பூரையும் கடந்து, கரூர் மாவட்டத்தில் நொய்யல் என்னும் ஊரருகே காவிரியில் கலக்கிறது நொய்யல். 1980-களிலும் 90-களிலும் ஏற்றுமதி பெருகப் பெருக, நூற்றுக்கணக்கான சாயப்பட்டறைகளின் கழிவுநீர் ஓடைகள் வழியாக அதில் இறங்கியது. பாசனத்துக்காக 1990-களின் தொடக்கத்தில் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை சாயநீர்த் தேக்கமாக மாறியது. அணையைக் கேட்டுப் பெற்ற விவசாயிகளே அதில் தண்ணீரைத் தேக்கவேண்டாம் என்று போராடவேண்டிய நிலை வந்தது. கிணறுகள் உப்பேறின. கால்நடை குடிக்காத தண்ணீரைத் தென்னைக்கு விட்டு, தென்னையும் போனது.

நொய்யல் ஆற்று ஆயக்கட்டுதாரர் பாதுகாப்புச் சங்கம் சென்னை உயர்நீதிமன்றம் போனது. 2006 டிசம்பரில் வந்த உத்தரவு, ஒரு சொட்டும் வெளியேறாத சுத்திகரிப்புக்குப் பட்டறைகள் மாறவேண்டும் என்று கெடு வைத்தது. அதுவரை வெளியேற்றும் ஒவ்வொரு லிட்டருக்கும் 6 பைசாவில் தொடங்கி 10 பைசா வரை கட்டவேண்டும் என்றது. சாய ஆலை உரிமையாளர் சங்கம் மேல்முறையீடு செய்தது. மாசுபடுத்தியவரே ஈடுசெய்யவேண்டும் என்ற கொள்கையை 2009 அக்டோபரில் உச்சநீதிமன்றம் உறுதிப்படுத்தியது. கெடு முடிந்தும் கழிவுநீர் நிற்கவில்லை. 2011 ஜனவரி 28 அன்று எல்லாச் சாயப்பட்டறைகளையும் சலவைப்பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடும்படி உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. மின்இணைப்பு துண்டிக்கப்பட்டது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன. வீரபாண்டியும் அருள்புரமும் ஒரே வாரத்தில் அமைதியாயின. சாயம் ஏற்றக் கூலிக்கு வந்திருந்தவர்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டு சொந்த ஊர் போனார்கள்.

இதில் வன்முறை செய்தவர் யார்? கழிவுநீர் வால்வைத் திறந்தவர் பட்டறைத் தொழிலாளி. அவரைத் திறக்கச் சொன்னவர் பட்டறைக்காரர். பட்டறைக்காரர் பலரும் ஜாப் ஒர்க் செய்பவர்கள். துணி அவர்களுடையது அல்ல, கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவர்கள். அந்தக் கூலியை நிர்ணயித்தவர் ஏற்றுமதியாளர். ஏற்றுமதியாளருக்குச் சட்டையின் விலையைச் சொன்னவர் வெளிநாட்டு பையர், அதாவது மொத்தமாக வாங்கும் நிறுவனம். விலையைப் பார்த்துச் சட்டையை எடுத்தவர் கடையில் நின்ற வாடிக்கையாளர். கூலிப் பேச்சில் சுத்திகரிப்புச் செலவு எந்தக் கட்டத்திலும் ஒரு வரியாக இடம்பெறவில்லை. நீதிமன்றம் மாசுபடுத்தியவரைத் தேடிப் பட்டறை வாசலில் நின்றது. சட்டத்துக்கு அந்த வாசல்தான் தெரியும், அது நியாயமும்கூட. யோக சூத்திரம் அந்த வாசலைத் தாண்டியும் போகிறது. செய்வித்தவரும் உடன்பட்டவரும் அதே தீமையின் கணக்கில் வருகிறார்கள். மெலிது, நடுத்தரம், கடுமை என்ற அளவுதான் வேறுபடலாம். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பின்னாக எழுதப்பட்ட நூலில், ஒரு விநியோகச் சங்கிலி முழுவதையும் அளக்கும் கோல் இருக்கிறது என்று நான் சொல்வது மிகையல்ல.

மயக்கத்தால் செய்யும் தீமைக்கு வியாசர் தரும் விளக்கமும் இங்கே பொருந்துகிறது. ஆயிரம் பேருக்குச் சோறு போடுகிறேன், நாட்டுக்கு அந்நியச் செலாவணி ஈட்டுகிறேன், கோயில் கும்பாபிஷேகத்துக்குக் கொடுக்கிறேன் என்று மனதார நம்பியவர்கள் அந்த ஆண்டுகளில் இருந்தார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. ஆயிரம் பேருக்குச் சோறு கிடைத்தது உண்மை. அந்தப் புண்ணியக் கணக்கு ஒரத்துப்பாளையத்துக் கிணற்றை மறைத்தது என்பதும் உண்மை.

மூடலுக்குப் பிறகு நடந்தவை 31-ஆம் சூத்திரத்தின் நான்கு வரம்புகளையும் ஒவ்வொன்றாக நிரப்பின. வெள்ளைத்துணி சாயத்துக்கு வெளியூர்களுக்கும் வெளிமாநிலங்களுக்கும் லாரி ஏறியது. நொய்யலில் விடமாட்டோம், வேறு ஆற்றில் விட்டால் தெரியாது என்பது இட வரம்பு. மழை பெய்யும் இரவில் தொட்டியைத் திறந்துவிடும் பட்டறைகளைப் பற்றி இன்றும் செய்தி வருகிறது. அது கால வரம்பு. ஷிப்மென்ட் தேதி நெருங்கிவிட்டது, விமானத்தில் அனுப்பினால் கம்பெனி முழுகிவிடும், இந்த ஒருமுறை மட்டும் என்பது சூழ்நிலை வரம்பு. பிறப்பு வரம்பு மனிதர்கள்மீது விழுகிறது. உள்ளூர்க்காரருக்கு ஒரு நடைமுறையும் ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்தவருக்கு வேறொரு நடைமுறையும் வைத்துக்கொள்வது அதன் இன்றைய வடிவம்.

மாற்றமும் நடந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. மாநில அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் அறிவித்தது. அருள்புரம் நிலையத்தில் உப்புக்கரைசலை மறுபடி சாயத்துக்கே பயன்படுத்தும் முறை செய்துபார்க்கப்பட்டது. ஒவ்வொரு நிலையமாகத் திறந்தது. இன்று கழிவுநீர் உயிரியல் தொட்டியிலும் சவ்வு வடிகட்டிகளிலும் ஆவியாக்கிகளிலும் புகுந்து, பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீராகவே பட்டறைக்குத் திரும்புகிறது. கூடவே உப்பும் திரும்புகிறது. நியமங்களில் முதலாவதாகிய தூய்மையைக் குளியலோடு நிறுத்திக்கொள்ளாமல் ஒரு தொழில் நகரமே குழாய்களாலும் கொதிகலன்களாலும் கடைப்பிடிக்க முயல்கிறது என்று இதைப் பார்க்கலாம். நீதிமன்றம் கட்டாயப்படுத்தியதால்தானே என்று கேட்கலாம். ஆம். அஞ்சித் தொடங்கிய ஒழுக்கமும் பழகப் பழகச் சொந்தமாகும். சாதனை என்பதே பழக்கம்தான்.

ஆற்றைப் பற்றிப் பேசுவதைவிடக் கூலியைப் பற்றிப் பேசுவது திருப்பூரில் கடினம். ஆனால் களவின்மையின் உரைகல் அங்கேதான் இருக்கிறது.

பனியன் கம்பெனி வேலைநேரத்துக்கு ஊரில் ஒரு சொல் உண்டு, ஒன்றரை ஷிப்ட். காலை எட்டரைக்குப் போனால் இரவு எட்டரைக்கு வெளியே வருவது. எட்டு மணி நேரம் ஒரு ஷிப்ட், மேற்கொண்டு நான்கு மணி நேரம் அரை ஷிப்ட். பல இடங்களில் சம்பளமும் ஒன்றரை ஷிப்டுக்கே கணக்காகிறது. 1948-இன் தொழிற்சாலைகள் சட்டமும் சரி, 2025 நவம்பரில் நடப்புக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பும் சரி, மிகைநேரத்துக்கு இரட்டைக் கூலி என்கின்றன. அந்தக் கணக்கில் நான்கு மணி நேரம் எட்டு மணி நேரத்துக்குச் சமம். அதாவது ஒன்றரை ஷிப்ட் வேலைக்கு இரண்டு ஷிப்ட் சம்பளம். நாளொன்றுக்கு அரை ஷிப்ட் எங்கோ போய்விடுகிறது. வாரத்துக்கு ஆறு நாள் என்றால் மூன்று ஷிப்ட். சனிக்கிழமை மாலை சம்பளக் கவரை எண்ணிப் பார்க்கும் ஓவர்லாக் தையல்காரருக்கோ, கைமடிக்கும் பெண்ணுக்கோ பணம் குறைந்ததாகத் தெரியாது. சொன்ன கூலி சொன்னபடி வந்திருக்கும். எவரும் எவர் பையிலும் கைவைக்கவில்லை. வழக்கம் என்ற பெயரில், எல்லோரும் உடன்பட்டு, ஒரு பொருள் கைமாறுகிறது. தொழிலாளியும் உடன்படுகிறார். வாடகை, பள்ளிக் கட்டணம், குழு லோன் எல்லாம் அந்த அரை ஷிப்டை நம்பி இருக்கும்போது அவர் வேறென்ன செய்வார்? கட்டாயத்தில் கொடுக்கும் சம்மதத்தை உடன்பாடு என்ற கணக்கில் எழுதக்கூடாது.

இந்த ஊரில் கூலியும் அறமும் முன்பே ஒருமுறை நேருக்கு நேர் சந்தித்திருக்கின்றன. பனியனுக்கு முன்னால் திருப்பூர் கதர் நகரம். அகில இந்திய நூற்போர் சங்கத்தின் தமிழ்நாட்டுக் கிளை இங்கிருந்துதான் இயங்கியது. காந்தி 1930-இல் எரவாடா சிறையிலிருந்து ஆசிரமத்தாருக்கு வாரந்தோறும் எழுதிய கடிதங்களில் ஐந்து இயமங்களையும் ஒவ்வொன்றாக எடுத்து விளக்கினார். தனக்குத் தேவையில்லாததை எடுத்துக்கொள்வதே களவு என்பது அங்கே அவர் எட்டிய முடிவு. சொல்லோடு நிற்கவில்லை. 1935-இல் நூற்போர் சங்கத்திடம் நூற்கும் பெண்களின் கூலியை வாழ்க்கைக் கூலியாக உயர்த்தவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். எட்டு மணி நேரத்துக்கு எட்டணா என்பது அவர் வைத்த இலக்கு. கதர் விலை ஏறும், விற்பனை படுத்துவிடும் என்று சங்கத்துக்குள்ளேயே எதிர்ப்பு எழுந்தது. பையர் போய்விடுவார் என்று இன்று சொல்லப்படும் வாதத்துக்கு அதுதான் மூத்தது. கூலி உயர்த்தப்பட்டது, அவர் கேட்ட அளவுக்கு இல்லாவிட்டாலும். பின்னர் 1984-இல் பஞ்சப்படிக்காகத் திருப்பூர் பனியன் தொழிலாளர்கள் 127 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதைத் தொழிற்சங்க வரலாற்றில் மட்டும் எழுதுகிறோம். களவின்மையின் வரலாற்றிலும் அதற்கு ஓர் இடம் உண்டு என்பது என் கருத்து.

உண்மைக்கு வருவோம். வெளிநாட்டு பையர் அனுப்பும் சமூகத் தணிக்கை என்றால் கம்பெனிகளில் இரண்டு நாளைக்கு வேறு காற்று அடிக்கும். தீயணைப்பு வழி திறந்திருக்கும். முதலுதவிப் பெட்டியில் மருந்து இருக்கும். தையல்காரர்களுக்கு மாஸ்க் வரும். தணிக்கைக்கென்று ஒரு சம்பளப் பதிவேடும் உள்ளதை உள்ளபடி எழுதிய இன்னொன்றும் வைத்துக்கொள்வது ஆயத்த ஆடைத் தொழிலில் உலகெங்கும் தெரிந்த நோய். தணிக்கையாளருக்கும் தெரியும், பையருக்கும் தெரியும். கேட்டதற்கு ஒரு காகிதம் கிடைத்தால் போதும் என்று அவர்களும் போய்விடுகிறார்கள். பொய்யைச் சொல்பவர், சொல்லவைப்பவர், தெரிந்தே ஏற்பவர் என்று மூவரும் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். வியாசரின் உரை உண்மைக்கு வைக்கும் அளவுகோல், பேச்சு கேட்பவரை ஏமாற்றக்கூடாது, உயிர்களுக்குத் தீங்காகவும் முடியக்கூடாது என்பது. சொற்கள் சரியாக இருந்தும் விளைவு தீங்கானால் அது உண்மை ஆகாது, புண்ணியத்தின் போலித்தோற்றம் என்கிற தொனியில் அவர் எழுதுகிறார்.

2023 மார்ச் முதல் வாரத்தில் இதன் மறுபக்கத்தைத் திருப்பூர் பார்த்தது. தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பொய்யான காணொளிகள் வாட்ஸப்பில் பரவின. வேறெங்கோ வேறெப்போதோ நடந்தவை தமிழ்நாட்டில் நடந்ததாகக் காட்டப்பட்டன. ஹோலி நெருங்கிய சமயம். ரயில்நிலையத்தில் கூட்டம் சேர்ந்தது. காவல்துறைத் தலைவர் மறுத்து அறிக்கை விடவேண்டியிருந்தது. மாவட்ட நிர்வாகமும் கம்பெனிகளும் இந்தியில் பேசித் தொழிலாளரைத் தேற்றவேண்டியிருந்தது. காணொளியைத் தயாரித்தவர்கள் சிலர்தான். அதை அனுப்பிய ஒவ்வொரு விரலும் உடன்பட்ட விரல்.

பிரமசரியத்தைப் பற்றி இரண்டே வார்த்தை பேசிவிட்டு நகர்வது பழக்கம். ஆனால் இலட்சக்கணக்கான இளம்பெண்கள் வேலை செய்யும் தொழிலில் அந்த இயமத்தின் பொது வடிவம் ஒன்றே. அதிகாரம் உள்ளவன் தன் கண்ணையும் கையையும் நாக்கையும் அடக்கவேண்டும். மில்களில் மூன்றாண்டு முடிந்தால் கல்யாணச் செலவுக்கு மொத்தத் தொகை என்று ஆசைகாட்டிப் பெண்களை விடுதியில் அடைத்துவைத்த சுமங்கலித் திட்டத்தை 2011-இல் நெதர்லாந்து ஆய்வு அமைப்புகள் அறிக்கையாக வெளியிட்டபோது, அது இந்தப் பகுதியின் முகத்தில் விழுந்த அடி. பெண்கள் தலைமையில் இயங்கும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் 2022 ஏப்ரலில் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டது. திண்டுக்கல் பக்கத்து ஆடைத் தொழிற்சாலையில் ஓர் இளம்பெண் கொலையானதற்குப் பிறகு வந்தது அது. திண்டுக்கல் ஒப்பந்தம் என்று அழைக்கப்படும் அதில் உற்பத்தியாளரும் பன்னாட்டு பையரும் கையொப்பமிட்டார்கள். தொழிலாளரிலிருந்தே கண்காணிப்பாளர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டு, சூப்பர்வைசரின் வாய்ச்சொல் வன்முறை முதற்கொண்டு புகார் செய்யும் முறை வந்தது. பையர் கையொப்பமிட்டதுதான் இதில் புதிது. செய்வித்தவர் என்ற இடத்தில் தானாக வந்து ஒருவர் நின்றிருக்கிறார்.

மனநிறைவு என்ற நியமத்தில் ஓர் ஆபத்து இருக்கிறது. இருப்பதை வைத்துத் திருப்தியாக இரு என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வது யோகம். அதையே முதலாளி தொழிலாளிக்குச் சொன்னால் அது கூலிப் பேச்சுவார்த்தை. கம்பெனியில் தியான வகுப்பு நடத்தினால் சண்டை குறையும், உற்பத்தி கூடும் என்று விற்கப்படும் யோகத்தை நான் ஏற்கமாட்டேன். தியானம் கெட்டது என்பதால் அல்ல. நியமங்கள் ஐந்தும் தன்மீது தான் போட்டுக்கொள்ளும் விதிகள். பிறர்மீது போட்டால் அவை நியமமாக இருப்பதில்லை.

இந்தப் பகுதிக்கு நெருக்கமான ஒரு யோகியைப் பற்றி இங்கே சொல்லவேண்டும். மனவளக்கலையை வகுத்த வேதாத்திரி மகரிஷி 1911-இல் கூடுவாஞ்சேரியில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர். தறியில் உட்கார்ந்தவர், பின்னர் தானே கைத்தறித் தொழில் நடத்தியவர். 1958-இல் உலக சமுதாய சேவா சங்கத்தைத் தொடங்கி, கடைசிக் காலத்தில் ஆழியாற்றில் அறிவுத் திருக்கோயிலை மையமாக வைத்தார். 2006-இல் மறைந்தார். அறத்தை ஒழுக்கம், கடமை, ஈகை என்று மூன்றாகச் சொன்னார். நூலும் கூலியும் தெரிந்த மனிதர் என்பதால்தானோ என்னவோ, அவர் வகுத்த முறையில் தவத்துக்குச் சமமாக அகத்தாய்வு வருகிறது. எண்ணத்தை ஆராய்வது, ஆசையைச் சீரமைப்பது, சினத்தைத் தவிர்ப்பது, கவலையை ஒழிப்பது என்று படிப்படியாக, தாளும் பேனாவும் வைத்து எழுதிச் செய்யும் பயிற்சி அது. யார்மீது எனக்குச் சினம், ஏன், எத்தனை முறை என்று பட்டியல் போடவேண்டும்.

பதஞ்சலி தன்னைப் படித்தல் என்று வைத்த நியமம் கொங்கு நாட்டில் இப்படி நோட்டுப்புத்தகத்துக்கு வந்துவிட்டது. சினத்துக்குப் போடும் பட்டியலைச் சம்பளப் பதிவேட்டுக்கும் போடலாம் என்பதே நான் சொல்ல விரும்புவது. மன்றத்துக்கு வரும் ஒரு பட்டறைக்காரர், இன்று நானே செய்த தீங்கு எது, என் வேலையால் பிறர் செய்யநேர்ந்தது எது, தெரிந்தும் பேசாமல் இருந்தது எது என்று மூன்று பத்தி போட்டு ஒரு வாரம் எழுதிப் பார்க்கட்டும். மூன்றாம் பத்திதான் நீளமாக இருக்கும் என்று நினைக்கிறேன். செக்கிங் டேபிளில் நிற்பவருக்கும் அது பொருந்தும். ஓட்டை விழுந்த பீஸை மறைத்து மடிப்பதும், பக்கத்துப் பெண்ணைச் சூப்பர்வைசர் திட்டும்போது தலைகுனிந்து நூல் வெட்டிக்கொண்டே இருப்பதும் அவருடைய பத்திகளில் வரும். வேலை போய்விடும் என்ற அச்சத்தை அந்தப் பட்டியலிலேயே எழுதலாம். மெலிது, நடுத்தரம், கடுமை என்ற அளவை பதஞ்சலி வைத்ததே இந்த வேறுபாட்டுக்கு இடம்விடத்தான்.

சேர்க்காமை என்ற இயமத்தில்தான் வீரபாண்டி இப்போது வந்து நிற்கிறது. வியாசர் அதற்குச் சொல்லும் காரணங்கள் ஐந்து. ஒரு பொருளை ஈட்டுவதிலும் காப்பதிலும் இழப்பதிலும் அதன்மேல் பற்று வைப்பதிலும் துன்பம் இருக்கிறது. ஐந்தாவதாக, அதில் வன்முறையும் இருக்கிறது என்கிறார். சுத்திகரிப்பு நிலையத்தின் கொல்லைப்புறத்தில் அதைக் கண்ணால் பார்க்கலாம். தண்ணீரையும் நல்ல உப்பையும் பிரித்தெடுத்த பிறகும் ஆவியாக்கியின் அடியில் ஒரு கலப்பு உப்பு மிஞ்சும். சாயத்தின் நிறம் ஏறியது, சாயத்துக்கு உதவாதது, மண்ணில் கொட்ட அனுமதி இல்லாதது. மூட்டை மூட்டையாகக் கட்டிக் கூரைக்கடியில் அடுக்கிவைக்கிறார்கள். ஆவியாக்கியை ஓட்ட விறகும் நிலக்கரியும் எரிகின்றன. ஆறு தப்பித்தது, புகையும் மூட்டையும் மிச்சம். உற்பத்தி இரட்டித்தால் மூட்டையும் இரட்டிக்கும்.

2025 ஆகஸ்டு 27 முதல் அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கு 50 விழுக்காடு இறக்குமதித் தீர்வை விதித்தபோது திருப்பூர் முதலில் கேட்ட கேள்வி ஆர்டர் போய்விடுமா என்பது. அடுத்த கேள்வி, பையர் கேட்கும் தள்ளுபடியை யார் தாங்குவது என்பது. ஏற்றுமதியாளர் ஜாப் ஒர்க்காரரைப் பார்ப்பார், ஜாப் ஒர்க்காரர் சாயக்கூலியைப் பார்ப்பார். சாயக்கூலியில் சுத்திகரிப்புச் செலவு கிலோவுக்கு இவ்வளவு என்று இப்போது தனி வரியாக இருக்கிறது. 2011-க்கு முன்னால் அந்த வரி இல்லை. நெருக்கடியில் முதலில் பேரம் பேசப்படுவது அந்த வரியா, அரை ஷிப்டா, பையரின் லாபமா என்பதை எந்த நீதிமன்றமும் தீர்மானிக்கப்போவதில்லை. கம்பெனி அலுவலகங்களில் கால்குலேட்டரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள் தீர்மானிப்பார்கள். அவர்களில் கணிசமானோர் அன்று காலை தவத்தில் உட்கார்ந்து எழுந்தவர்கள்.